புதுப்பிப்பு: வசை கோட்டைக்கு எப்போது, எப்படிப் போகிறோம்

தாராவியிலிருந்து பிள்ளைகளையும் பெரியவர்களையும், மும்பைக்கு வடக்கே வசை என்ற ஊரில் இருக்கும் பழைய கோட்டைக்குக் கூட்டிப்போக வழிகாட்டி கிடைப்பாரா என்று போன மாதம் கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டார். மராத்தியில் சொல்வார், நான் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்.

ஞாயிறன்று பிளாக் போட்டால், அதாவது தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்தினால், ரயிலுக்குத் தவம் கிடக்க வேண்டும். அதனால் சனிக்கிழமைக்கு மாற்றியாயிற்று. தாதரில் விரார் லோக்கல் ஏறி, வசை ரோட்டில் இறங்கி, அங்கிருந்து ஆட்டோ.

முன்கூட்டியே ஒருமுறை போய்ப் பார்த்தேன். கடல் வாசலில்தான் தொடங்க வேண்டும், அதில் மாற்றமே இல்லை. தேக்குக் கதவு முழுக்க இரும்பு முள். ஒரு முள்ளில் கை வைத்தேன், வெயிலில் அப்படிச் சுட்டது. 1534-இல் குஜராத் சுல்தான் பகதூர் ஷாவிடமிருந்து வசை போர்த்துக்கீசியர் கைக்குப் போனது. 1739-இல் சிமாஜி அப்பாவின் மராட்டியப் படை அதைப் பிடித்தது. இந்தக் கதையைக் கதவுக்கு முன்னால் நின்று கேட்டால் பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

அப்புறம் கூரையில்லாத தேவாலயங்கள். சுவர் இடுக்கில் ஆலமர வேர் இறங்கியிருக்கிறது. மேலே ஏற யாரையும் விடப்போவதில்லை, கல் பெயர்ந்து கிடக்கிறது. 1597-இல் நாகசாகியில் உயிர்விட்ட புனித கொன்சாலோ கார்சியா பிறந்த ஊர் இது. நம் தெருவின் பாட்டிமார் அதற்காகவே வருகிறார்கள்.

தண்ணீர், தொப்பி, புளிசாதம் அவரவர் பொறுப்பு. காலை ஆறரைக்குத் தாதர் பாலத்தடியில் நிற்பேன்.