முடிச்சு எங்கடி? – குயில்ட் திருவிழாவுக்குப் போன அனுபவங்கள்

ஹூஸ்டனில் நடக்கும் சர்வதேசக் குயில்ட் (துணிகளை அடுக்கித் தைக்கும் போர்வை) திருவிழாவுக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கூடவே இரண்டு தோழிகள், என் ஒன்பது வயது மகள். ஜார்ஜ் ஆர். பிரௌன் மாநாட்டு மையத்தின் வாசலில் கணவர் எங்களை இறக்கிவிட்டு, "முடிஞ்சதும் போன் பண்ணுங்க" என்று நழுவிவிட்டார்.

அம்மா நாற்பது வருடம் ரவிக்கை தைத்தவர். "பிட்டுத்துணியை ஒட்டுப்போடுறதுக்கு ஒரு திருவிழாவா?" என்று காரில் சிரித்துக்கொண்டே வந்தார். உள்ளே முதல் வரிசையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

குயில்ட் என்றால் வெறும் ஒட்டுத்துணி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மேலே துண்டுகளை இணைப்பது ஒரு வேலை. அந்த மேல்துணி, நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி, மூன்றும் நழுவாமல் ஊடே ஓடும் தையல் வேறு வேலை. அதற்குத்தான் குயில்டிங் என்று பெயர். தோழி எனக்கு இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மாவின் கை தானாகத் துணியை நோக்கி நீண்டது. சட்டென்று பிடித்து இழுத்தேன். தொடக்கூடாது, கையிலுள்ள எண்ணெய்ப்பசை ஒட்டிவிடும்.

வெள்ளைக் கையுறை போட்ட ஒரு பாட்டி அருகில் வந்தார். தன்னார்வலர். கோபித்துக்கொள்வாரோ என்று பார்த்தால், குயில்ட்டின் ஓரத்தைப் பதமாக மடக்கிப் பின்பக்கத்தைக் காட்டினார். அம்மா மூக்கு படாத குறையாகக் குனிந்தார். ஓரமாகவே கொஞ்ச தூரம் நகர்ந்து பார்த்தார். "முடிச்சு எங்கடி?" என்றார்.

நான் மொழிபெயர்த்தேன். பாட்டிக்கு ஒரே குஷி. கையிலேயே அபிநயம் பிடித்துக் காட்டினார். நூல் நுனியில் சின்ன முடிச்சு. தையல் தொடங்கவேண்டிய இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மேல்துணியில் ஊசியைக் குத்தி, பஞ்சு வழியாக ஓட்டி, தொடங்கும் இடத்தில் வெளியே எடுக்கவேண்டும். அப்புறம் வெடுக்கென்று ஒரு சுண்டு. முடிச்சு 'டப்'பென்று துணிக்குள் புகுந்து பஞ்சில் மாட்டிக்கொள்ளும். முன்னாலும் தெரியாது, பின்னாலும் தெரியாது.

"நாப்பது வருஷமா முடிச்சுப் போடுறேன், இது தோணலையே" என்றார் அம்மா. அடுத்த நிமிடமே ஓர் அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ண ஆரம்பித்துவிட்டார். பத்து வந்தது. "பரவாயில்ல. நான் போட்டா இன்னும் நெருக்கமா வரும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு குயில்ட்டின் பக்கத்திலும் இருந்த அட்டையை மகளைப் படிக்கச் சொன்னார். 'கையால் தைத்தது' என்றால் நிற்பார், மெஷின் என்றால் நடையைக் கட்டுவார். எனக்கு இதில் உடன்பாடில்லை. மெஷின் நூலாலேயே ஓவியம் போல நிழல் விழவைத்த பறவை ஒன்றின் முன்னால் நான் கால் மணி நேரம் நின்றேன்.

ஒரு யோசனை: கடைப்பகுதிக்குக் கடைசியில் போங்கள். நாங்கள் நடுவில் போனோம். ஃபேட் குவார்ட்டர் என்று 18க்கு 22 அங்குலத்தில் துண்டு துண்டாகத் துணி விற்கிறார்கள். ஒரு தோழி அதில் காணாமலே போய்விட்டாள். மீதி நேரம் முழுக்க அவள் பைகளை நாங்கள்தான் தூக்கினோம்.

பதில்:
நான் போனது திருவிழா என்று சொல்ல முடியாது. 2022 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் எய்ட்ஸால் இறந்தவர்களின் நினைவாகத் துண்டு துண்டாகத் தைத்துச் சேர்த்த எய்ட்ஸ் நினைவுக் குயில்ட்டின் ஒரு பகுதியைப் புல்வெளியில் விரித்திருந்தார்கள். அண்ணன் குடும்பத்தோடு சும்மா நடக்கப் போன இடம். ஒவ்வொரு துண்டும் மூன்றடிக்கு ஆறடி, ஏறத்தாழ ஒரு கல்லறையின் அளவு. ஒருவருடைய ஜீன்ஸ், ஒருவருடைய சட்டை என்று அப்படியே வைத்துத் தைத்திருந்தார்கள். ஒலிபெருக்கியில் பெயர்களை வாசித்துக்கொண்டே இருந்தார்கள். 1987இல் வாஷிங்டனில் முதல்முறை விரித்தபோது 1,920 துண்டுகளாம். இப்போது ஏறக்குறைய 50,000. "இவங்க எல்லாம் யாரு அத்தை?" என்று அண்ணன் பையன் மெதுவாகக் கேட்டான். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகமில்லை. கரடிப் பொம்மை தைத்திருந்த ஒரு துண்டின் பக்கத்தில் அவன் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான்.

பதில்:
கென்டக்கி மாநிலத்தில் பதூக்கா என்று ஒரு சின்ன ஊர். 1991இலிருந்து அங்கே குயில்ட்டுக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது, 2013இல் யுனெஸ்கோவின் படைப்பாக்க நகரங்கள் பட்டியலிலும் அந்த ஊர் சேர்ந்துவிட்டது. வசந்தகாலக் கண்காட்சிக்கு நண்பர்களோடு போனோம். அறையை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள், நாங்கள் காரில் தூங்கியது போதும். சரி, முதலில் எழுதியவருக்கு ஒரு கேள்வி: அம்மா அப்புறம் ஏதாவது தைத்தாரா?

பதில்:
ஊர் திரும்பிய மறுவாரமே பழைய காட்டன் புடவைகளை வெட்டிவிட்டார். நடுவில் வைக்கப் பஞ்சு விரிப்பு கிடைக்காமல் அப்பாவின் வேட்டியை வைத்தாராம். நேற்று போனில் ஒரே புகார்: "வேட்டி மெலிசுடி, சுண்டினா முடிச்சு அந்தப் பக்கமே வந்துடுது. அடுத்த தடவை வரும்போது அந்தப் பஞ்சுல ரெண்டு மீட்டர் வாங்கிட்டு வா."