உதவி: ரெண்டாவது பேட்டரி போட்டும் ராத்திரி ஃப்ரிட்ஜ் நின்னுடுது, கொஞ்சம் அவசரம்

மண்ரோடு மணி:
மஹிந்திரா தார் ஜீப்ல ரெண்டாவது பேட்டரி வச்சு கேம்பிங் ஃப்ரிட்ஜ் ஓட்டுறேன். ராத்திரி ரெண்டு மணி வாக்குல ஃப்ரிட்ஜ் நின்னுடுது. காலைல மீட்டர் வச்சா 12.3 காட்டுது, காலியும் இல்ல. அப்புறம் பேனட்டுக்குள்ள டிக் டிக்னு ஒரு சத்தம். சனிக்கிழமை வால்பாறை கிளம்பணும். பேட்டரி மாத்தணுமா?

கொங்கு வயரிங்:
எந்த வருஷத்து வண்டி? ரெண்டாவது பேட்டரி என்ன வகை, எத்தனை ஏஎச் (ஆம்பியர்-ஹவர்), எங்க வச்சிருக்கீங்க? நடுவுல இருக்கறது விஎஸ்ஆரா (வோல்டேஜ் பாத்து ரெண்டு பேட்டரியையும் தானா சேத்துப் பிரிக்கற ரிலே), டிசி-டிசி சார்ஜரா (வோல்டேஜை மாத்தி அளவா சார்ஜ் தர்றது), வெறும் சுவிட்சா? வயர் எத்தனை ஸ்கொயர் (சதுர மிமீ)? எர்த் எங்க புடிச்சிருக்கு? டிக் டிக் எப்போ வருது? இது எதுவும் தெரியாம யாரு சொன்னாலும் ஜோசியம்தான்.

டீசல் தம்பி:
டைனமோ வீக் ப்ரோ. கார்பன் பிரஷ் தேஞ்சிருக்கும், கழட்டிப் பாருங்க.

லித்தியம் லோகு:
லெட் ஆசிட்னாலே இந்தத் தொல்லைதான். 100 ஏஎச் எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) ஒண்ணு போட்டுடுங்க. 12 கிலோ பக்கம்தான் வரும், அதே ஏஎச் லெட் ஆசிட்னா 28 கிலோ. முக்கால்வாசி காலியாகுற வரைக்கும் 13 வோல்ட் பக்கத்துலயே நிக்கும்.

ஓம்ஸ் வாத்தியார்:
இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் சொல்லியாகிவிட்டது. பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை கிடையாது. டிக் டிக் என்பது ரிலே. ரிலே அடித்துக்கொள்கிறது என்றால் வோல்டேஜ் விழுகிறது. வோல்டேஜ் விழுந்தால் வயரிங் தப்பு. மல்டிமீட்டர் பிடிக்கத் தெரிந்தால் ஐந்து நிமிட வேலை. தெரியாதவர்கள் பேட்டரி மாற்றிக்கொண்டே இருக்கலாம், கடைக்காரராவது பிழைக்கட்டும்.

மண்ரோடு மணி:
ஸாரி, அவசரத்துல விட்டுட்டேன். 2016 சிஆர்டிஇ டீசல் வண்டி. ரெண்டாவது 75 ஏஎச் சாதா கார் பேட்டரி, பின்சீட்டுக்குப் பின்னாடி. 140 ஆம்ப் விஎஸ்ஆர் பேனட்டுக்குள்ள, அதோட கறுப்பு வயர் ரெண்டாவது பேட்டரி நெகட்டிவ்ல. வயர் 6 ஸ்கொயர், கடையில இருந்தத வாங்கினேன். எர்த் பின்சீட் போல்ட்ல. மெயின் பேட்டரி பக்கம் 100 ஆம்ப் ஃபியூஸ் ஒண்ணு. ஃப்ரிட்ஜ் 40 லிட்டர், ஒன்றரை ஸ்கொயர் வயர்ல சிகரெட் லைட்டர் சாக்கெட், செட்டிங் ஹை. டிக் டிக் ஐடில்ல ஹெட்லைட் போட்டா மட்டும்.

கொங்கு வயரிங்:
இப்போ பேசலாம். உங்களுக்கு ரெண்டு தனித்தனி கோளாறு இருக்கு.

முதல்ல ஃப்ரிட்ஜ். ஹை செட்டிங்ல பல மாடல் 11.1 வோல்ட்ல ஆஃப் ஆகும், திரும்ப 12.4 ஏறினாத்தான் ஆன் ஆகும். இந்த வோல்டேஜை ஃப்ரிட்ஜ் தன்னோட பிளக்ல பாக்குது, பேட்டரில இல்ல. கம்ப்ரெஸர் ஓடும்போது 5 ஆம்ப். ஒன்றரை ஸ்கொயர் வயர்ல மூணு மீட்டர் போய் மூணு மீட்டர் வந்தா 0.35 வோல்ட் அங்கயே போச்சு. லைட்டர் சாக்கெட்டோட ஸ்பிரிங் காண்டாக்ட் இன்னொரு அரை வோல்ட் சாப்பிடும். பேட்டரி 12.0-ல இருக்கும்போதே ஃப்ரிட்ஜுக்கு 11.1 தெரியுது, நின்னுடுது. லோடு போனதும் பேட்டரி 12.3-க்கு ஏறுது, ஆனா 12.4 தொடல. விடியற வரைக்கும் அப்படியே கெடக்கும். காலைல நீங்க பாக்கற 12.3 இதுதான்.

ஆனா ரெண்டு மணிக்கே 12.0 வரக் கூடாது. நம்ம ஊர் வெக்கைல கம்ப்ரெஸர் பாதி நேரம் ஓடுதுன்னு வச்சாக்கூட சராசரி ரெண்டரை ஆம்ப், சாயங்காலம் எட்டுல இருந்து ரெண்டு வரைக்கும் 15 ஏஎச்தான். அப்போ பேட்டரி முழுசா ஏறவே இல்லைன்னு அர்த்தம், அதுதான் ரெண்டாவது கோளாறு. ஒரு டெஸ்ட் பண்ணுங்க. ராத்திரி ஃப்ரிட்ஜ் ஓடி முடிஞ்ச பேட்டரியோட எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி 1500 ஆர்பிஎம்ல வச்சு நாலு அளவு எடுங்க: மெயின் பேட்டரி டெர்மினல், ரெண்டாவது பேட்டரி டெர்மினல், ஒரு பாசிட்டிவ்ல இருந்து இன்னொரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ்ல இருந்து இன்னொரு நெகட்டிவ். மீட்டர் முனையை டெர்மினல் ஈயத்துலயே குத்துங்க, லக் (வயர் முனைல இருக்கற வளையம்) மேல வைக்காதீங்க.

மண்ரோடு மணி:
மெயின் 14.2. ரெண்டாவது 13.1. பாசிட்டிவ் டு பாசிட்டிவ் 0.4. நெகட்டிவ் டு நெகட்டிவ் 0.7. ஐடில்ல ஹெட்லைட் போட்டா மெயின் 13.5 ஆகுது.

கொங்கு வயரிங்:
அந்த 0.7-தான் குற்றவாளி. பாசிட்டிவ்ல அஞ்சு மீட்டர் 6 ஸ்கொயருக்கு 28 ஆம்ப் ஓடினா 0.4 போறது கணக்குப்படி சரி. நெகட்டிவ் அதைவிட மோசமா இருக்கு. சீட் போல்ட் பாடியில இருக்கு, பாடி சேசிஸ் மேல ரப்பர் புஷ்ல உக்காந்திருக்கு. பெயின்ட் மேல லக், அதுக்கப்புறம் ஒல்லியா ஒரு எர்த் பட்டை. கரண்ட் அது வழியா நொண்டி நொண்டித்தான் போகும்.

டிக் டிக்கும் இதேதான். விஎஸ்ஆர் 13.3-ல சேரும், 12.8-ல பிரியும். கறுப்பு வயரை ரெண்டாவது பேட்டரி நெகட்டிவ்ல குடுத்ததால கரண்ட் ஓடும்போது அதுக்கு 0.7 குறைச்சுத் தெரியுது. 13.5-ல 0.7 போனா 12.8, பிரிஞ்சிடுது. பிரிஞ்சதும் கரண்ட் இல்ல, 0.7 மறைஞ்சு திரும்ப 13.5 தெரியுது, சேருது. கறுப்பு வயரை மெயின் பேட்டரி நெகட்டிவ்ல குடுங்க.

லித்தியம் லோகு:
இவ்வளவு சுத்தறதுக்கு எல்எஃப்பி போட்டா 13.1-லயே பாதி ஏறிடும். சும்மா பழசையே கட்டி அழறீங்க.

ஓம்ஸ் வாத்தியார்:
லோகு அவர்களே, 12.8-ல் பிரியும் ரிலேவில் 13.3-ல் ஓய்வெடுக்கும் பேட்டரியைக் கட்டினால் எஞ்சினை நிறுத்தினாலும் ரிலே பிரியாது. ஃப்ரிட்ஜ் எல்எஃப்பியைக் காலி செய்யும் வரை இரண்டும் கட்டிப்பிடித்தபடியே இருக்கும். இன்டெர்னல் ரெஸிஸ்டன்ஸ் குறைவு, எனவே ஐடிலில் ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது டைனமோவில் இருந்து முழு கரண்டையும் உறிஞ்சும். வைண்டிங் கருகிய பிறகு டீசல் தம்பி சொன்னது உண்மையாகிவிடும்.

லித்தியம் லோகு:
அதுக்குத்தான் டிசி-டிசி சார்ஜர் இருக்கே. 25 ஆம்ப்னா 25-க்கு மேல தராது.

பனிமலை:
டிசி-டிசி இருந்தாலும் ஸ்பிதி, லடாக் பக்கம் போறவங்க ஒண்ணு பாத்துக்குங்க. செல் ஜீரோ டிகிரிக்குக் கீழ போனா பிஎம்எஸ் (லித்தியம் பேட்டரிக்குள்ள இருக்கற கன்ட்ரோல் போர்டு) சார்ஜை நிறுத்திடும். அப்பவும் ஃப்ரிட்ஜ் ஓடும், ஏறாது. பிஎம்எஸ்ல அந்த கட்-ஆஃப் இல்லாத மலிவு பேட்டரின்னா குளிர்லயே சார்ஜ் ஏறி செல் கெட்டுப் போகும்.

லித்தியம் லோகு:
அவர் வால்பாறை போறாரு சார், ஹான்லே இல்ல.

டீசல் தம்பி:
வீட்டு இன்வெர்ட்டர் ட்யூபுலர் வைக்கலாமே? மலிவா கிடைக்குது.

ஓம்ஸ் வாத்தியார்:
கூடாது. உயரமான தகடு, கல் ரோட்டில் குலுங்கினால் உதிரும். சாய்ந்தால் ஆசிட் கொட்டும். மணி அவர்களின் சாதா பேட்டரியும் ஆட்கள் உட்காரும் இடத்திலேயே இருக்கிறது, இதை யாரும் கவனிக்கவில்லை. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். மூடிய பெட்டியில் வைத்து வென்ட் குழாயை வெளியே விடுங்கள், அல்லது அடுத்த முறை ஏஜிஎம் (ஆசிட் சிந்தாத மூடிய வகை) வாங்குங்கள். கிளாம்ப் இல்லாமல் வெறும் பெல்ட்டில் கட்டியிருந்தால் வண்டி கவிழும்போது 20 கிலோ பேட்டரி தலைக்கு வரும்.

கொங்கு வயரிங்:
வாத்தியார் சொன்னது சரி. மணி, சனிக்கிழமைக்குள்ள முடியற வேலை மட்டும் சொல்றேன்.

25 ஸ்கொயர் வெல்டிங் கேபிள் பாசிட்டிவுக்கு அஞ்சு மீட்டர். நெகட்டிவை அதே கேபிள்ல மெயின் பேட்டரி வரைக்கும் கொண்டுபோனா ரொம்ப நல்லது, இல்லைன்னா அரை மீட்டர் எடுத்து சேசிஸ்ல புடிங்க. பெயின்டை உப்புத்தாள் போட்டு வெள்ளி மாதிரி மின்னற வரைக்கும் சுரண்டணும், மாட்டின பிறகு மேல கிரீஸ். லக் செப்பு ட்யூப் டைப், ஹைட்ராலிக் கிரிம்ப். சுத்தியல்ல தட்டாதீங்க. ஈயம் ஊத்தவும் வேணாம், ஈயம் கேபிளுக்குள்ள ஏறின இடத்தோட ஓரத்துல அதிர்வுல இழை இழையா ஒடியும். ஃபயர்வால் ஓட்டைல ரப்பர் க்ரோமெட், சைலன்சர் பக்கம் போகாம பாத்துக்குங்க.

ஃபியூஸ் முக்கியம். 6 ஸ்கொயர் வயருக்கு 100 ஆம்ப் ஃபியூஸ்னா ஃபியூஸுக்கு முன்னாடி வயர்தான் உருகும். அதோட ரெண்டு முனையிலும் பேட்டரி இருக்கு, ஒரு பக்கம் ஃபியூஸ் போனாலும் இன்னொரு பக்கத்துல இருந்து தீ வரும். 25 ஸ்கொயர் போட்டா 100 ஆம்ப் ரெண்டு, ரெண்டு பேட்டரி கிட்டயும் ஒரு சாண் தூரத்துக்குள்ள.

கழட்டற 6 ஸ்கொயரை வீணாக்காதீங்க, ஃப்ரிட்ஜுக்கு அதுதான் சரியான வயர். 15 ஆம்ப் ஃபியூஸ், லைட்டர் சாக்கெட்டுக்குப் பதிலா ஆண்டர்சன் பிளக் (கெட்டியாப் புடிக்கற பெரிய கரண்ட் பிளக்). செட்டிங் மீடியத்துல வைங்க. கிளம்பற முன்னாடி ராத்திரி வீட்டு சார்ஜர்ல முழுசா ஏத்துங்க. கடைசி 20 சதவீதம் ஏற மணிக்கணக்கு ஆகும், ரெண்டு மணி நேரம் ஓட்டி நிரப்ப முடியாது.

பிஎஸ் 6 டீசல்:
புது வண்டிக்கும் இதே விஎஸ்ஆர் போதுமா?

கொங்கு வயரிங்:
ஓடும்போது மெயின் பேட்டரில அளந்து பாருங்க. வேகம் பிடிச்சு போறப்போ 12.6 பக்கம் இறங்கினா அது வோல்டேஜைத் தானா குறைக்கற ஸ்மார்ட் டைனமோ, விஎஸ்ஆர் பிரிஞ்சிடும். இக்னிஷன் சிக்னல் வயர் இருக்கற டிசி-டிசிதான் வழி.

லித்தியம் லோகு:
கடைசில டிசி-டிசிக்குத்தான் வந்தீங்க. 😄

மண்ரோடு மணி:
கேபிள் கிடைக்கல. பெயின்ட் சுரண்டி எர்த்தை மட்டும் சேசிஸ்ல மாத்தினேன், கறுப்பு வயரும் மாத்தியாச்சு. ரெண்டாவது பேட்டரில 13.7 வருது, டிக் டிக் இல்ல. மீடியம்ல ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ் ஓடுச்சு. கிளம்புறேன், நன்றி எல்லாருக்கும்.

டீசல் தம்பி:
அப்போ டைனமோ இல்லையா?

கொங்கு வயரிங்:
மணி, 6 ஸ்கொயரையே விட்டிருந்தா அந்த 100 ஆம்ப் ஃபியூஸோட போகாதீங்க. 40 ஆம்ப் ரெண்டு வாங்கி ரெண்டு முனையிலும் போட பத்து நிமிஷம்தான். மாத்தினீங்களா?

கொங்கு வயரிங்:
மணி?