செடி வளர்க்கும் மீன்தொட்டியில் தாடிப் பாசி, வாயுவைக் கூட்டினால் மீன் மேலே வருகிறது: அவசர உதவி தேவை

தாம்பரம்_தொட்டி: வணக்கம். இரண்டடித் தொட்டி. இலை ஓரங்களில் கருப்பாகத் தாடி முளைத்திருக்கிறது. விளக்கைக் குறைத்தால் ரொட்டாலா செடி கணுவுக்குக் கணு நீண்டு ஒல்லியாகிறது. கூட்டினால் பாசி. செடிக்காக விடும் கரியமில வாயுவைக் கூட்டினால் டெட்ரா மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. டிராப் செக்கர் (நீரில் வாயு அளவைக் காட்டும் குப்பி: நீலம் குறைவு, பச்சை சரி, மஞ்சள் அதிகம்) பச்சையில்தான் இருக்கிறது. எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது? சீக்கிரம் சொல்லுங்கள்.

நீரடிக்காடு: முதலில் வாயுவை மூடிவிட்டு, பில்டர் வாயை நீர்மட்டத்துக்கு உயர்த்தி மேற்பரப்பு அலையடிக்க விடுங்கள். விளக்கு எத்தனை வாட், எத்தனை மணி நேரம்? வாயு சிலிண்டரா, சர்க்கரை ஈஸ்ட் பாட்டிலா? எப்போது திறக்கிறீர்கள்?

கொளத்தூர்வாசி: தீனி அதிகம் போடுகிறீர்கள், வேறொன்றுமில்லை. பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

பாசிவேட்டை: இந்தக் கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படிக்கத்தான் யாருக்கும் பொறுமை இல்லை. விளக்கைக் கூட்டினால் செடி அதிகக் கரியமில வாயுவைக் கேட்கும். அது கிடைக்காவிட்டால் பாசிக்குத்தான் கொண்டாட்டம். அடுப்பைப் பெரிதாக எரியவிட்டு உலையில் அரிசி போடாமல் நிற்பவருக்கு என்ன சொல்வது? விளக்கு, தண்ணீர் விவரங்களைக்கூட எழுதாமல் உதவி கேட்கிறீர்கள்.

தாம்பரம்_தொட்டி: 30 வாட் எல்இடி, 10 மணி நேரம். சின்ன சிலிண்டர், நீடில் வால்வு. காலையில் விளக்கோடு திறப்பேன், மீன் மேலே வந்தால் மூடுவேன். போர்வெல் தண்ணீர்.

உப்புநீர்: அங்கேதான் கோளாறு. கடின நீரில் வாயு கரையாது. ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறுங்கள்.

நீரடிக்காடு: கரையாது என்பது தவறு. வாயு எவ்வளவு கரையும் என்பது வெப்பநிலையையும் அழுத்தத்தையும் பொறுத்தது. கார்பனேட் கடினத்தன்மை (கே.எச்.) கூடினால் அதே அளவு வாயுவுக்குப் பி.எச். உயர்ந்து நிற்கும், அவ்வளவுதான்.

உப்புநீர்: ஆர்.ஓ. தண்ணீருக்கு மாறிய பிறகுதான் என் செடிகள் எழுந்தன. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

பாசிவேட்டை: சில செடிகளுக்கு மென்னீர் பிடிக்கும். அதற்கும் வாயு கரைவதற்கும் சம்பந்தமில்லை. பள்ளிப் பாடம் இது.

உப்புநீர்: பாடம் எடுக்கும் இடம் இதுவல்ல. உங்கள் தொட்டியின் படத்தைப் போடுங்கள், பார்க்கலாம்.

மெல்லிலை: சண்டையைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தம்பி, டிராப் செக்கருக்குள் எந்தத் தண்ணீரை ஊற்றினீர்கள்?

தாம்பரம்_தொட்டி: தொட்டித் தண்ணீர்தான். கூட வந்த நீலச் சொட்டு மருந்தையும் விட்டேன்.

மெல்லிலை: பச்சை என்றால் லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம் என்ற கணக்கு, உள்ளே கே.எச். 4 கரைசல் இருந்தால் மட்டுமே பொருந்தும். உங்கள் போர்வெல் நீரில் கே.எச். 12 என்று வைத்துக்கொள்வோம். அதே பச்சைக்கு 90 மில்லிகிராம் வாயு ஆகிறது. மீன் மூச்சுக்குத் திணறாமல் என்ன செய்யும்? அந்தக் குப்பி நிறம் மாறவே ஒன்றிரண்டு மணி நேரம் பிந்தும் என்பதால், அதைப் பார்த்துப் பார்த்து வால்வைத் திருகுவதிலும் பயனில்லை. திறப்பதும் மூடுவதுமாக வாயு ஏறி இறங்கும் தொட்டியில் தாடிப் பாசி எளிதில் பிடிக்கும்.

கே.எச். 4 கரைசல் வாங்கி ஊற்றுங்கள். விளக்கை 6 மணி நேரமாகக் குறையுங்கள், முடிந்தால் சற்று உயரத்தில் தொங்கவிடுங்கள். வாயு விளக்குக்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கி, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிற்கட்டும். ஒரு சோலினாய்டும் (மின்சாரத்தில் திறந்து மூடும் வால்வு) டைமரும் வாங்கினால் கையால் திருகும் வேலை மிச்சம். வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும், அதுவும் நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில். மேற்பரப்பு லேசாக அசைந்துகொண்டே இருக்கட்டும். வாயு கொஞ்சம் வீணாகும், ஆனால் மீனுக்கு ஆக்சிஜன் வேண்டுமே. கோடையில் தொட்டி நீர் 31 டிகிரிக்குப் போனால் ஆக்சிஜன் கரைவது இன்னும் குறையும்.

ஏற்கெனவே தாடி பிடித்த இலைகளை வெட்டிவிடுங்கள், அவை தேறா. அனுபியஸ் செடியின் இலையை வெட்ட மனம் வராவிட்டால், பில்டரை நிறுத்திவிட்டு 3% ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிரிஞ்சில் எடுத்துத் தாடியின் மேல் மட்டும் சிறிதளவு விடுங்கள். சாகும் பாசி சிவந்துபோகும்.

கொளத்தூர்வாசி: தீனியையும் குறையுங்கள், கெடுதல் இல்லை.

உப்புநீர்: ஆர்.ஓ. தண்ணீராக இருந்திருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது.

தாம்பரம்_தொட்டி: கரைசலை மாற்றினேன். பழைய வால்வு அளவில் பளிச்சென்று மஞ்சள். குறைத்துப் பச்சைக்குக் கொண்டுவந்திருக்கிறேன், டெட்ராக்கள் மேலே வரவில்லை. தாடி சில இடங்களில் சிவந்திருக்கிறது. நன்றி அக்கா.

நீரடிக்காடு: உங்கள் தண்ணீரின் கே.எச். அளந்தீர்களா? எவ்வளவு வந்தது?

பாசிவேட்டை: விளக்கை எத்தனை மணி நேரமாகக் குறைத்தீர்கள் என்பதையும் எழுதுங்கள்.