மலைப்பாதை, பொதிமாடு, அரைத் தேசிக்காய்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மழைக்கோட்டு:

அம்பகமுவ கல்வெட்டைப் பார்க்கப் போய், வழி தவறித் தேயிலை மலைக்குள் இறங்கிவிட்டேன். கினிகத்தேனைப் பக்கத்து மழை தெரியும்தானே, குடை விரித்தும் பயனில்லை. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, “தம்பி, மொதல்ல கால பாருங்க” என்றார். இரண்டு காலிலும் சேர்த்து ஐந்து அட்டைகள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்குக்குள் கைவிட்டு அரைத் தேசிக்காய் (எலுமிச்சை) ஒன்றை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் இரண்டு சொட்டுப் பிழிந்தார். சுருண்டு விழுந்தன.

எனக்குச் சட்டென்று மொரோக்கோப் பயணி இபுனு பதூதா நினைவு வந்தது. 1344இல் அவர் சிவனொளிபாத மலைக்கு ஏறியபோது, மரத்திலும் புல்லிலும் இருந்து பாய்கிற அட்டையைப் பார்த்ததாக எழுதியிருக்கிறார். அதற்கென்றே ஊர்ச்சனம் எலுமிச்சை வைத்திருந்து பிழிவார்களாம். நம் யாழ்ப்பாண அரசர் ஆரியச் சக்கரவர்த்திதான் அவருக்குப் பல்லக்குக் கொடுத்து, 4 யோகிகள், 3 பிராமணர்கள், 10 துணையாட்கள், சாமான் சுமக்க 15 பேர் என்று அனுப்பிவைத்தவர். பயணம் தொடங்கிய புத்தளக் கரையில், மலையாறுகளின் வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவாக்கட்டைகள் குன்றுபோலக் கிடந்தனவாம். மலையாளக் கரைக்காரர்கள் அவற்றை ஏற்றிக்கொண்டு, பதிலுக்கு அரசனுக்குத் துணிமணி கொடுத்திருக்கிறார்கள். மலையில் விளைந்த சரக்கை ஆறே கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது, கூலியில்லாமல்!

பழைய பாதைகளில் உங்களுக்கு என்ன நடந்தது?

மாவனல்லை நானா:

எங்கள் வாப்பாவின் பாட்டனார் தவளம் ஓட்டியவர். தெரியாதவர்களுக்கு: தவளம் என்றால் பொதிமாட்டுக் கூட்டம். மலையில் எல்லாம் விளையும், உப்பு மட்டும் விளையாது. அதனால் கரையில் இருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே ஏறும், பாக்கும் மிளகும் கீழே இறங்கும். கண்டி அரசர் காலத்துக்கு வெகு முன்பிருந்தே இதுதான் கணக்கு.

வீட்டில் ஒரு மாட்டு மணி இருந்தது. கைப்பிடிக்குள் அடங்கும், ஆனால் அடித்தால் தெரு முனைவரை கேட்கும். வாப்பும்மா சொல்வார்: மணி அழகுக்கு இல்லை மகன், பனிமூட்டத்தில் வளைவுக்கு அந்தப் பக்கம் வருகிறவனுக்குக் கேட்கவேண்டும் என்பதற்கு. 1660 முதல் 1679 வரை கண்டி அரசரின் கைதியாக இருந்த ஆங்கிலேயக் கப்பல்காரர் றொபர்ட் நொக்ஸ், பாதைகள் ஒருவர் பின் ஒருவராக நடக்கும் அளவுக்குத்தான் இருந்தன என்று எழுதியதைப் படித்த பிறகுதான் அந்தப் பேச்சின் பெறுமதி புரிந்தது. பகைவர் படை ஏறிவரக்கூடாது என்று அரசர்களே பாதையை அகலப்படுத்த விடவில்லை. படைக்குப் போட்ட தடையில் மாடும்தான் மாட்டிக்கொண்டது.

மணி இப்போது இல்லை. ஒரு பாடசாலைக் கண்காட்சிக்குக் கொடுத்தோம், திரும்பி வரவில்லை. சரி, விடுங்கள்.

ஊவாக்காரி:

ஹாலிஎலைக்குக் கிட்ட போகொட மரப்பாலத்துக்கு அப்பாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பதுளையில் இருந்து கண்டிக்குப் போன பழைய வழி அதில்தான் ஆற்றைக் கடந்தது. ஓட்டுக்கூரை போட்ட பாலம், 16ஆம் நூற்றாண்டினது என்கிறார்கள். நீளம் 50 அடி வரும், அகலம் 6 அடிதான்.

அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர், எந்தப் பாலத்தைக் கண்டாலும் அளக்காமல் விடமாட்டார். நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தார். கொஞ்சம்தான் மிச்சம். “எதிரும் புதிருமா ரெண்டு பொதிமாடு வந்தா, ஒண்ணு ரிவேர்ஸ்தான்” என்றார். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கூரைக்குக் கீழே நாங்களும் இரண்டு சிங்களப் பிள்ளைகளும் ஒரு நாயும் ஒதுங்கி நின்றோம். பாலத்துக்கு எதற்குக் கூரை என்று நான் அப்புறம் யாரையும் கேட்கவில்லை.

அதுசரி அண்ணே, கல்வெட்டில் என்ன இருந்தது என்று சொல்லாமலே விட்டுவிட்டீர்களே?

மழைக்கோட்டு:

தங்கச்சி கேட்டதால் சொல்கிறேன். முதலாம் விஜயபாகு (1055–1110) வெட்டுவித்தது. சிவனொளிபாதத்துக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறுபோட ஊர்களின் வருமானத்தை ஒதுக்கிய விபரம் அதில் இருக்கிறது. வடக்கே ராஜரட்டையில் இருந்து வருகிற வழி, ஊவாவில் இருந்து வருகிற வழி எல்லாவற்றிலும் அவர் இப்படித் தருமம் வைத்ததாக வரலாற்று நூலும் சொல்கிறது. யாத்திரைக்காரனுக்குச் சோறு கிடைக்கிற வழியில் வியாபாரியும் நடப்பான்தானே.

இன்னொன்றும் இருக்கிறது. தாழ்ந்த சாதியார் நின்று கும்பிடுவதற்கென்று, மலையுச்சியில் பாதச்சுவடு இருக்கும் முற்றத்துக்குக் கீழே தனியாக ஒரு முற்றம் கட்டிய செய்தி.

திரும்பி வரும்போது அந்த அம்மா கொழுந்து நிறுக்கும் தராசடியில் நின்றிருந்தார். நிறுத்த கிலோவைப் பார்த்துத்தான் அன்றைய முழுநாள் சம்பளத்துக்குப் ‘பேர்’ போடுவார்கள். “கல்லுல என்னா எழுதிருக்கு தம்பி?” என்று கேட்டார். சோற்றைச் சொன்னேன், தலையாட்டினார். கீழ் முற்றத்தையும் சொன்னேன்.

“அப்பவேவா?” என்றார். கூடையை இறக்கிவைத்துவிட்டு, “பேருபோடுற கணக்கு ஏதும் எழுதிருக்கா?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள்.