சேவ் செய்தது திரும்ப வந்ததா? பழைய ஹோம் கம்ப்யூட்டர் அனுபவங்கள்

ரப்பர் கீ, சென்னை

இழையை ஆரம்பித்தவன் நான் என்பதால் முதல் கதையும் என்னுடையதே. பழைய ஹோம் கம்ப்யூட்டர் என்றாலே பேச்சு கேம் பக்கம் போய்விடுகிறது. எனக்கு அதில் அவ்வளவு நாட்டம் இல்லை. நாமே ஒரு புரோகிராம் எழுதி, கேசட்டில் ஏற்றி, மறுபடி எடுக்கும்போது அது அப்படியே வருகிறதா என்பதில்தான் கிறுக்கு. அதைப் பற்றி எழுதுங்கள். ஹை ஸ்கோர் கதைகளுக்கு வேறு இடம் இருக்கிறது.

என்னிடம் இருப்பது இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் 48கே. 1982 ஏப்ரலில் பிரிட்டனில் 175 பவுண்டுக்கு வந்த மெஷின். பிற்பாடு டெசிபெல்ஸ் என்ற கம்பெனி உரிமம் வாங்கி இதன் பிளஸ் மாடலை இந்தியாவிலும் விற்றது, ஆனால் என்னுடையது லண்டனில் மாமா வீட்டுப் பரணிலிருந்து வந்தது.

நான் அதில் செய்தது தமிழ் எழுத்து. ஸ்பெக்ட்ரமில் நாமே வரைந்துகொள்ளும் எழுத்துகளுக்கு, யூடிஜி என்பார்கள், 21 இடம்தான் உண்டு. உயிரும் மெய்யும் சேர்த்தாலே 30 ஆகிறது, அப்புறம் கொம்பும் காலும் எங்கே போகும்? அதனால் ராமில் 64600 என்ற இடத்திலிருந்து 96 எழுத்துக்குச் சொந்தமாக ஒரு வரிசை போட்டேன். ஒரு எழுத்துக்கு 8 பைட், ஆக 768. கணக்குப் பார்த்தால் அது 65367இல் முடிகிறது, யூடிஜி ஆரம்பிப்பது 65368இல். நடுவில் ஒரு பைட் கூட மிச்சமில்லை. புரோகிராம் அந்த இடத்துக்குள் வராமல் இருக்க கிளியர் 64599 கொடுத்துவிட்டு, 23606இல் 88, 23607இல் 251 என்று போக் செய்தால், அதாவது மெமரியில் அந்த இடங்களில் அந்த எண்களை எழுதினால், திரை மொத்தமும் தமிழுக்கு மாறிவிடும்.

ட, ப, ம எல்லாம் 8க்கு 8 புள்ளியில் சமர்த்தாக உட்காரும். ண உட்காராது. மூன்று சுழி, சுழி ஒவ்வொன்றுக்கும் மூன்று புள்ளி அகலமாவது வேண்டும், அதற்கே 9 ஆகிவிட்டது. ஞ, ஐ கதையும் அதேதான். இவற்றுக்கெல்லாம் இரண்டு கட்டம் ஒதுக்கினேன், சில எழுத்துகள் யூடிஜி பக்கம் போயின. இதில் வேடிக்கை என்னவென்றால், எழுத்து வரிசையை மாற்றிய பிறகு மெஷின் காட்டும் எரர் செய்தியும் அதே எழுத்தில்தான் வரும். 'டேப் லோடிங் எரர்' என்பது ஏதோ பழைய கல்வெட்டு மாதிரி அர்த்தமில்லாத தமிழில் கீழே வந்து நிற்கும்.

சரி, சேமிக்கும் கதைக்கு வருவோம். இரண்டு வரிசையும் ஒட்டி இருப்பதால் 64600இலிருந்து 936 பைட் என்று ஒரே சேவில் அடித்துவிடலாம். டேப் ரெக்கார்டரில் ரெக்கார்டும் பிளேயும் சேர்த்து அழுத்த வேண்டும், இயர் ஒயரைப் பிடுங்கிவிட்டு மைக் ஒயரை மட்டும் வைக்க வேண்டும் (இரண்டும் இருந்தால் சத்தம் சுற்றிச் சுற்றி வந்து பதிவு கெடும்), அப்புறம் ஏதாவது ஒரு பட்டன். திரையின் ஓரத்தில் சிவப்பும் வெளிர்நீலமும் பட்டை பட்டையாக ஓட, ஐந்து விநாடிக்கு ஒரே சீரான ஊளை. பிறகு நீலமும் மஞ்சளும் ஒரு கணம் துடிக்கும். அது 17 பைட் தலைப்பு: வகை, பத்து எழுத்துக்குள் பெயர், நீளம், இன்னும் இரண்டு எண்கள். மறுபடி சின்ன ஊளை, அப்புறம் கரகரவென்று டேட்டா. ஒன்று என்ற பிட்டின் அலை சுழியத்தின் அலையைப் போல இரட்டிப்பு நீளம், அவ்வளவுதான் ரகசியம். ஒன்றுகள் நிறைய வந்தால் ஓட்டம் மெதுவாகும், சுழியம் நிறைய வந்தால் வேகமாகும். சராசரி விநாடிக்கு 1500 பிட் பக்கம். கொஞ்ச நாள் பழகினால் வெற்றிடமாகக் கிடக்கும் மெமரியையும் எழுத்துப் படங்களையும் காதாலேயே பிரித்துவிடலாம்.

ஏறிய பிறகு சரிபார்க்க வெரிஃபை என்று ஒரு கட்டளை இருக்கிறது. சேவ் வேண்டுமென்றால் எஸ் பட்டன் ஒன்றே போதும். வெரிஃபைக்கு கேப்ஸ் ஷிஃப்டும் சிம்பல் ஷிஃப்டும் சேர்த்து அழுத்தி, கர்சர் ஈ என்று மாறியதும் சிம்பல் ஷிஃப்டை விடாமல் ஆர். யார் செய்வார்கள்? அந்தக் காலத்தில் பாதிப் பேர் வெரிஃபை செய்யாமலேயே மெஷினை அணைத்திருப்பார்கள் என்பது என் அனுமானம். அதிலும் லோட் செய்யும்போது ஸ்பெக்ட்ரம் சரிபார்ப்பது, எல்லாம் ஏறி முடிந்த பிறகு வரும் ஒரே ஒரு பைட்டை வைத்துத்தான். 48கே நிறைய டேட்டா என்றால் ஐந்து நிமிடம் காத்திருந்து, கடைசி நொடியில் 'எரர்' என்று கையை விரிக்கும்.

கேசட் விஷயம் ஒன்று. பழைய சினிமாப் பாட்டு கேசட்டுகளே போதும், மேல் விளிம்பில் உடைத்த ஓட்டையில் செலோ டேப் ஒட்டினால் பதிவாகும். 90 நிமிட கேசட் வேண்டாம், நாடா மெல்லியது, இழுபடும். தொடக்கத்தில் காந்தம் பூசாத வெறும் நாடா கொஞ்சம் இருக்கும். அதைப் பென்சில் விட்டுச் சுற்றித் தள்ளிவிட்டு ஆரம்பியுங்கள், இல்லாவிட்டால் தலைப்புப் பகுதி காற்றில் போகும்.


பீப் சத்தம், கோயம்புத்தூர்

அண்ணா, நீங்கள் சொன்ன அந்தக் கடைசி நொடி எரர் பற்றிப் படித்ததும் எங்கள் மெஷினை நினைத்துப் பெருமையாக இருந்தது. நான் பிபிசி மைக்ரோ என்ற கம்ப்யூட்டரின் ஆள். 1984இல் மத்திய அரசு கிளாஸ் என்று ஒரு திட்டம் ஆரம்பித்துப் பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கொடுத்தது. அதில் எங்கள் பள்ளிக்கும் வந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையாக ஏசி அறைக்குள் போவோம், ஒரு மெஷினுக்கு நாலைந்து பேர், கீபோர்டு யார் கையில் என்பதில் தினமும் தகராறு. அப்போது தொட்டதை விடப் பார்த்ததுதான் அதிகம். இப்போது வீட்டில் ஒன்று வாங்கி வைத்துப் பழிதீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதிலும் கேசட்தான், ஆனால் டேட்டாவை 256 பைட் துண்டுகளாக வெட்டி, துண்டுக்குத் துண்டு பெயர், எண், சரிபார்ப்பு எல்லாம் சேர்த்து எழுதும். ஸ்பெக்ட்ரம் கடைசி ஸ்டாப்பில் டிக்கெட் கேட்கிற கண்டக்டர் என்றால் இது ஒவ்வொரு ஸ்டாப்பிலும் கேட்கும். லோட் ஆகும்போது பெயருக்குப் பக்கத்தில் 00, 01, 02 என்று எண் ஏறிக்கொண்டே போகும். ஒரு துண்டு கெட்டால் உடனே 'டேட்டா?' என்று கேட்டுவிட்டு, நாடாவைப் பின்னால் சுற்று என்று சொல்லும். கொஞ்சம் சுற்றிவிட்டு மறுபடி பிளே அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்ளும். முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை. போதாக்குறைக்கு மோட்டாரையும் மெஷினே ஓட்டும். உள்ளே ரிலே 'டக்' என்று விழும், கீபோர்டில் சிவப்பு விளக்கு எரியும், டேப் தானே ஓடித் தானே நிற்கும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. டிஸ்க் டிரைவ் போட்டால் வாழ்க்கை சுலபமாகும் என்று எல்லோரும் சொல்வார்கள். பிபிசியில் டிஸ்க் சேர்த்தால் அதற்கான வேலையிடம் 2,816 பைட்டை விழுங்கிவிடும். மொத்த ராமே 32கே, அதில் எட்டு வண்ணம் தரும் மோட் 2 என்ற திரை வகையைப் போட்டால் திரைக்கே 20கே. மிச்சக் கணக்குப் பாருங்கள், கேசட்டோடு இருந்தால் புரோகிராமுக்கு 8,704 பைட், டிஸ்க்கோடு இருந்தால் 5,888. வசதி கூடக் கூட இடம் குறைகிறது! இதற்காகவே டிஸ்க்கிலிருந்து ஏற்றிவிட்டு, டிஸ்க்கை மறந்துவிட்டு, புரோகிராமைக் கீழே நகர்த்தி ஓட்டுகிற ஒரு சின்னப் புரோகிராம் துண்டு அந்தக் காலத்துப் பாதி கேம்களில் இருக்கும்.

நான் எழுதியது ரயில் கால அட்டவணை மாதிரி ஒன்று. இந்த இடநெருக்கடியில் மாறிகளின் பெயரைச் சுருக்கினேன், கருத்து வரிகளை அழித்தேன், அதுவும் போதாமல் வரிசைப்படுத்தும் பகுதியை அசெம்பிளிக்கு, அதாவது சிப்புக்கு நேராகக் கட்டளை கொடுக்கும் மொழிக்கு, மாற்றினேன். பிபிசியின் புரோகிராம் மொழியான பேசிக்கில் சதுர அடைப்புக்குறி போட்டு உள்ளேயே அசெம்பிளி எழுதலாம், அந்த பேசிக்கை எழுதிய சோஃபி வில்சன் செய்த வேலை, இன்றைக்கும் அதைவிட இதமான ஒன்றை நான் பார்க்கவில்லை. டிஸ்க்கில் ஒரு பக்கத்துக்கு 31 ஃபைல்தான், பெயர் 7 எழுத்துதான். ஃபைல்கள் ஒட்டி ஒட்டி இருப்பதால் நடுவில் ஒன்றை நீளமாக்கினால் 'நீட்ட முடியாது' என்று மறுத்துவிடும். இந்தக் கட்டுப்பாட்டில் எழுதும்போது ஒவ்வொரு வரியையும் இது தேவையா என்று இரண்டு தடவை பார்க்கிறோம். ஆபீசில் எழுதும் புரோகிராமுக்கு நான் அந்த மரியாதை தருவதில்லை.


மோனோ, மதுரை

டேப் ரெக்கார்டர் இல்லாதவர்களுக்கு: போன் போதும். டேப் ஃபைலை (கேசட்டில் இருப்பதைக் கம்ப்யூட்டரில் வைக்கும் வடிவம்) வேவ் என்ற ஒலி ஃபைலாக மாற்றி ஹெட்போன் ஓட்டையிலிருந்து இயருக்குக் கொடுங்கள். ஈக்வலைசர், பாஸ் பூஸ்ட் எல்லாம் அணைத்துவிடுங்கள், சத்தம் முக்கால் பங்குக்கு மேல் வேண்டும். முக்கியமாக ஏரோப்ளேன் மோட். நாலாவது நிமிடத்தில் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் யாராவது 'காலை வணக்கம்' அனுப்பினால் 'டிங்' சத்தம் டேட்டாவுக்குள் போய் உட்கார்ந்துவிடும்.

நெதர்லாந்தில் அந்தக் காலத்தில் ஹாபிஸ்கூப் என்ற வானொலி நிகழ்ச்சியில் புரோகிராம்களையே ஒலிபரப்பினார்கள், நேயர்கள் வீட்டில் கேசட்டில் பிடித்துக்கொண்டார்கள். யோசித்தால் அதுவும் நம் போன் வேலைதான், டவர் மட்டும் பெரிது.


பனிப்பொழிவு, டொரொண்டோ

நான் யாழ்ப்பாணத்தான், இங்கே வந்த பிறகுதான் இந்தப் பைத்தியம் பிடித்தது. கொமடோர் தொடங்கியதே இந்த ஊரில்தான், அதனாலோ என்னவோ கராஜ் சேலில் கொமடோர் 64 அகப்படும். தம்பி கண்டக்டர் கதை சொன்னார். இது இன்னொரு விதம்: கேசட்டில் எல்லாவற்றையும் இரண்டு முறை எழுதும். முதல் பிரதியில் பிழை கண்டால் அந்த இடத்தைக் குறித்து வைத்து, இரண்டாவதிலிருந்து எடுத்துத் திருத்தும். நல்ல யோசனைதான், ஆனால் இரட்டிப்பு நேரம். ஏறும்போது திரையையும் அணைத்துவிடும், சும்மா நீலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

அதனால் நான் 1541 என்ற டிஸ்க் டிரைவுக்கு மாறினேன். அதற்குள்ளேயே ஒரு 6502 சிப், 2கே ராம். டிரைவே ஒரு கொம்பியூட்டர். ஒரு பக்கத்தில் 664 புளொக், ஒன்றில் உங்களுக்குக் கிடைப்பது 254 பைட், மிச்ச இரண்டு பைட்டில் அடுத்த புளொக் எங்கே என்ற விலாசம். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் அநாதை.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று பார்க்க டொலர் குறி போட்டு லோட் செய்வீர்கள். அந்தப் பட்டியலும் ஒரு பேசிக் புரோகிராம் போலத்தான் மெமரிக்குள் வரும். அதாவது நீங்கள் எழுதிக்கொண்டிருந்தது போய்விடும். பெயர் ஞாபகமில்லையே, ஒரு தரம் பார்த்துவிட்டு சேவ் செய்வோம் என்ற எண்ணமே வரக்கூடாது. அதே பெயரில் மேலெழுத 'அட்' குறி போடும் வழியும் வேண்டாம். அது சில நேரம் வேறு ஃபைலைக் கெடுக்கும். அப்படி ஒரு பிழை இருக்கிறதா இல்லையா என்று அந்தக் காலத்துச் சஞ்சிகைகளில் சண்டையே நடந்தது, கடைசியில் இருக்கிறது என்று நிரூபித்தார்கள். நான் கடிகாரம்1, கடிகாரம்2 என்று இலக்கம் கூட்டிக்கொண்டே போகிறேன். என் டிஸ்க் முழுக்கக் கடிகாரம்தான்.


ரப்பர் கீ, சென்னை

பனிப்பொழிவு அண்ணா, இலக்கம் கூட்டும் வழி கேசட்டுக்கும் பொருந்தும். நான் ஒவ்வொரு பதிப்பையும் அடுத்தடுத்து இரண்டு தடவை ஏற்றிவிட்டு, ரெக்கார்டரின் கவுன்டர் எண்ணை அட்டையில் எழுதி வைக்கிறேன்.

பழைய கேசட்டைக் காப்பாற்ற நினைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சை பிடித்திருக்கும். அதை நேராக ரெக்கார்டரில் போட்டால் ஹெட்டும் போகும், நாடாவும் சுற்றிக்கொள்ளும். முதலில் கையால் ஒரு முறை முழுக்கச் சுற்றி நாடா ஒட்டிக்கொள்ளாமல் ஓடுகிறதா பாருங்கள், ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள், ரப்பர் பெல்ட் கூழாகியிருந்தால் மாற்றுங்கள், ரிச்சி தெருவில் கேட்டுப் பார்க்கலாம். பிறகு ஸ்பெக்ட்ரமில் நேரடியாக ஏற்றிப் பார்க்காமல், முதல் ஓட்டத்திலேயே லேப்டாப்பில் 44.1 கிலோஹெர்ட்ஸில் வேவ் ஆகப் பதிந்துவிடுங்கள். சத்தம் மந்தமாக இருந்தால் ஹெட் பக்கத்துத் திருகைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் துளித் துளியாகத் திருப்பி, ஊளை கூர்மையாகக் கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

மோனோ, உங்களிடம் டேப் ஃபைலை வேவ் ஆக்கும்போது அலையைத் தலைகீழாக்கும் வசதி இருக்கிறதா? என் கேசட்டில் வழக்கத்தைவிட வேகமாக ஏற்றும் இரண்டு டர்போ லோடர்கள் மட்டும் எந்தச் சத்தத்திலும் வர மறுக்கின்றன. அப்படித் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.