ஏபிஐ ஆவணத்தில் ஓட்டை: எப்படிக் கண்டுபிடித்தீர்கள், எப்படி அடைத்தீர்கள்?

பின்தள நிரலர்:
எங்கள் ஏபிஐ (பிற நிரல்கள் எங்கள் சேவையோடு பேசும் வழி) ஆவணத்தைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பக்கங்களுக்குக் குறைவில்லை. ஏபிஐயை விவரிக்கும் ஓபன்ஏபிஐ கோப்பிலிருந்து தானாக உருவாவதால் ஒரு எண்ட்பாயிண்ட் (கோரிக்கை அனுப்பும் முகவரி) கூட விடுபடவில்லை. ஆனால் 'யூசர் ஐடி' என்ற புலத்துக்கு எதிரே 'பயனரின் ஐடி' என்று போட்டிருந்தால் யாருக்கு என்ன பயன்? வகை 'இன்டிஜர்' (முழு எண்) என்று இருக்கிறது, எவ்வளவு பெரிதாகப் போகும் என்று இல்லை. ஜாவாஸ்கிரிப்டில் 9007199254740991-ஐத் தாண்டினால் முழு எண்ணின் துல்லியத்தை நம்ப முடியாது. எங்கள் ஐடிகள் அதைத் தாண்டியவை. பிரவுசரில் கடைசி இலக்கம் மாறிப்போய், இல்லாத பயனரைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ட்விட்டர் 2010-இலேயே இதற்காக ஐடியைச் சரமாகவும் (எழுத்துத் தொடராகவும்) அனுப்பத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், எங்களிடமும் அப்படி ஒரு புலம் இருந்தது. ஆவணத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. இந்த மாதிரி ஓட்டைகளை நீங்கள் எப்படித் தேடுகிறீர்கள்?

சோதனைக் குழுவிலிருந்து:
நான் ஆவணத்தை மட்டும் வைத்துக்கொண்டு, நிரலின் கோடைத் திறக்காமல், ஒரு சின்ன வேலையை முடிக்கப் பார்ப்பேன். எங்கே ஊகிக்க வேண்டி வருகிறதோ அங்கே ஓட்டை.

ஒருமுறை எடுத்துக்கொண்ட வேலை: பயனர் தன் தொலைபேசி எண்ணை நீக்க வேண்டும். பேட்ச் கோரிக்கை (இருப்பதில் ஒரு பகுதியை மட்டும் மாற்றுவது) என்று ஆவணம் சொன்னது, சரி. உள்ளே என்ன அனுப்புவது? புலத்தையே விட்டுவிட்டேன், எண் அப்படியே இருந்தது, அது நியாயம். 'நல்' (மதிப்பு இல்லை என்ற குறி) அனுப்பினேன், வெற்றி என்று சொல்லும் 200 வந்தது, எண் போகவில்லை. வெற்றுச் சரம் அனுப்பியதும் போய்விட்டது. அப்புறம் முகவரிக்கான எண்ட்பாயிண்ட்டில் பார்த்தால் நேர்மாறு: 'நல்' அழிக்கிறது, வெற்றுச் சரத்துக்கு 400, அதாவது தவறான கோரிக்கை என்ற பதில்.

இதில் எதை ஆவணத்தில் எழுதுவது என்று டெவலப்பர்களிடம் கேட்டேன். ஆளுக்கொரு பதில். அதாவது எழுத மறந்துபோன வரி இல்லை இது, யாரும் முடிவே எடுக்காத விஷயம். இரண்டு நடத்தைகளையும் அப்படியே எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம் என்றார்கள். தற்காலிகமாக எழுதினோம், ஆனால் அதோடு விட எனக்கு மனமில்லை. தாறுமாறாக நடப்பதை ஆவணப்படுத்திவிட்டால் அதுவே சட்டமாகிவிடும், பிறகு மாற்ற விடமாட்டார்கள். கடைசியில் 2014-இல் வந்த ஆர்எஃப்சி 7396 என்ற இணையத் தரநிலை ஆவணம் கைகொடுத்தது. ஜேசன் மெர்ஜ் பேட்ச்சில் 'நல்' என்றால் அந்தப் புலத்தை நீக்கு என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதையே எல்லா இடத்துக்கும் பொதுவாக்கினோம். முதலில் கோடு மாறியது, புதிய பதிப்பு வெளியானது, அப்புறம்தான் ஆவணத்தில் அந்த ஒற்றை வரி ஏறியது.

வாடிக்கையாளர் உதவிப் பக்கம்:
தேடவே வேண்டாம், டிக்கெட்டுகளைப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விதான் உங்கள் விடுபட்ட பத்தி.

எங்களுக்கு அது 429, அதாவது 'கோரிக்கைகள் அதிகம்' என்ற பதில். 'அளவு மீறினால் 429 வரும்' என்று மட்டும் இருந்தது. அளவு ஏபிஐ கீக்கா, ஐபி முகவரிக்கா? எவ்வளவு நேரம் பொறுப்பது? எப்போது மறுபடி முயலலாம் என்று பதிலோடு சொல்லும் 'ரெட்ரை ஆஃப்டர்' ஹெடரை சர்வர் அனுப்பிக்கொண்டுதான் இருந்தது, யாருக்கும் தெரியாது. அதை எழுதிய பிறகும் ஒருவருடைய புரோகிராம் விழுந்தது. அந்த ஹெடரில் விநாடிக் கணக்கும் வரலாம், தேதியும் வரலாம், இரண்டும் விதிப்படி சரி. எங்கள் சர்வர் விநாடியைக் கொடுத்தது, அதற்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கும் கேட்வே தேதியைக் கொடுத்தது. கேட்வேயையும் விநாடிக்கு மாற்றிவிட்டு, ஆவணத்தில் மாதிரிப் பதிலை ஹெடரோடு சேர்த்துப் போட்டோம். அந்தக் கேள்வி அத்தோடு நின்றது.

லைப்ரரி பராமரிப்பவர்:
மாதிரிக் கோடுகளை விட்டுவிட்டீர்களே. பைத்தானில் 'டாக்டெஸ்ட்' இருக்கிறது, ரஸ்ட்டில் 'கார்கோ டெஸ்ட்' போட்டாலே ஆவணத்தில் உள்ள உதாரணங்களும் ஓடும். நாங்கள் கர்ல் (கட்டளை வரியிலிருந்து கோரிக்கை அனுப்பும் கருவி) மாதிரிகளையும் பிரித்தெடுத்து ஒவ்வொரு பில்டிலும் ஓட்டுகிறோம். பெயர் மாறிய புலம் அன்றைக்கே மாட்டும்.

சோதனைக் குழுவிலிருந்து:
நல்ல வழிதான். ஆனால் எழுதியிருக்கும் வரி பொய்யா என்றுதான் அது சொல்லும். எழுதாத வரியை அது காட்டாது. மாதிரிகள் பெரும்பாலும் 200 வரும் பாதையில்தானே இருக்கின்றன?

பின்தள நிரலர்:
இதைப் படித்துவிட்டு எங்கள் ஆவணத்தில் ஒன்றைத் தேடினேன்: ஏற்கெனவே நீக்கியதை மறுபடி டெலிட் செய்தால் 404 (கிடைக்கவில்லை) வருமா, 204 (வெற்றி, திருப்பித் தர எதுவுமில்லை) வருமா? எங்கும் இல்லை. கோடில் பார்த்தால் ஒரு எண்ட்பாயிண்ட்டில் அது, இன்னொன்றில் இது. டிக்கெட் போட்டுவிட்டேன். லேபிள் 'ஆவணம்' இல்லை, 'முடிவு தேவை'.