ரோபோ பெட்டி வாங்கும் முன் ஒரு வார்த்தை

சங்கத்து உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம் ஊர்த் தொடக்கப்பள்ளிக்கு ரோபோ பெட்டிகள் (பிள்ளைகளே பூட்டி ரோபோ செய்யும் பாகங்கள் அடங்கியவை) வாங்கிக் கொடுக்கலாம் என்று தலைவர் அண்ணன் எழுதியிருந்தார். துபாய்த் தம்பிகள் உடனே ஆளுக்கொரு பெட்டி என்று முன்வந்துவிட்டார்கள். நல்ல மனசுதான். ஆனால் பணம் பெட்டிக்குப் போவதைவிட ஆளுக்குப் போக வேண்டும் என்பது என் எண்ணம். வாராவாரம் பிள்ளைகளோடு உட்கார இரண்டு பேர் இல்லாவிட்டால் பெட்டி பீரோவுக்குள் போய்விடும். உபயம் என்று பேர் எழுதிய எத்தனை பொருள் அப்படிக் கிடக்கிறது என்று நமக்கே தெரியும்.

நான் இங்கே டாலஸில், பிள்ளைகள் லெகோ கட்டைகளால் ரோபோ கட்டும் ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் சின்னப் பிள்ளைகள் குழு ஒன்றுக்குப் பயிற்சியாளராக இருக்கிறேன். பிள்ளைகளுக்கு அறிவியல் ஆர்வம் ஊட்ட அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989ல் தொடங்கிய ஃபர்ஸ்ட் அமைப்பின் கிளை இது. செய்தியில் நாம் பார்ப்பது மேஜைமேல் இரண்டரை நிமிடம் ரோபோ ஓடும் போட்டியை. அது பெரிய பிள்ளைகளுக்கு. 6 முதல் 10 வயது வரை உள்ளவர்களுக்கு எக்ஸ்ப்ளோர் என்று தனிப் பிரிவு. ஒரு குழுவில் அதிகம் போனால் ஆறு பேர், கூட இரண்டு பெரியவர்கள். அந்த வருடத் தலைப்பை ஒட்டி லெகோவில் ஒரு மாதிரி உருவம் கட்டுவார்கள். அதில் ஒரு பாகமாவது மோட்டாரில் அசைய வேண்டும். தாங்கள் தேடிக் கண்டதை ஒரு போஸ்டரில் வரைந்து ஒட்டுவார்கள். கடைசியில் விழா நாளில் பெரியவர்கள் சிலர் வந்து உட்கார்ந்து, “இது ஏன் இப்படிச் சுத்துது?” என்று பிள்ளைகளிடமே கேட்பார்கள். ரேங்க் கிடையாது. எல்லாக் குழுவுக்கும் ஒரு பரிசு உண்டு.

“அப்புறம் யார்தான் ஃபர்ஸ்ட்?” என்று நம் ஊரில் கேட்பார்கள். கேட்கட்டும். இந்த வயதில் ரேங்க் வைத்தால் கட்டுவது அப்பாவாகிவிடும். இங்கேயே ஒரு அப்பா, சக்கரம் கோணலாக இருக்கிறதென்று குனிந்து சரிசெய்யப் போய், அரை மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை. ஆறு பிள்ளைகளும் அவரைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெரியவர்களுக்கு நான் சொல்லும் ஒரே விதி, கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள் என்பதுதான். படித்த ஆட்களை அதைக் கடைப்பிடிக்க வைப்பதுதான் கஷ்டம்.

சரி, ஊருக்கு வருவோம். அரசுப் பள்ளிகளில் அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்க அரசின் வானவில் மன்றம் 2022ல் வந்தது. ஆனால் அது 6 முதல் 8 வகுப்புகளுக்கு. நம் பள்ளியில் இருப்பது ஐந்தாவது வரை. தொடங்குவதற்கு லெகோவே வேண்டாம். வீணாகும் பொருளில் அறிவியல் பொம்மை செய்யும் அரவிந்த் குப்தா 1970களின் கடைசியில் மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளுக்காகச் செய்துகாட்டிய முறை இருக்கிறது: தீக்குச்சியும், சைக்கிள் கடையில் கிடைக்கும் வால்வு ட்யூபும் போதும். ட்யூபைத் துண்டு துண்டாக வெட்டி, இரண்டு பக்கமும் குச்சியைச் செருகினால் மூட்டு தயார். நான்கு குச்சியில் சதுரம் செய்து அழுத்தினால் கோணிக்கொண்டு சாயும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்தால் அசையாது. சதுரத்துக்குக் குறுக்கே ஒரு குச்சி கொடுத்தால் அதுவும் நிமிர்ந்துவிடும். அதன்பின் பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் கரண்ட் டவரைப் பார்க்கச் சொல்லுங்கள். அத்தனை குறுக்குச் சட்டமும் எதற்கென்று அவர்களே சொல்வார்கள். (மருந்து முனையைக் கிள்ளிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். நம்ம பசங்களைப் பற்றித் தெரியுமே.)

தலைப்பையும் வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியதில்லை. இங்கே 2024-25ல் கடல் என்று தலைப்புக் கொடுத்தார்கள், அதற்கடுத்த வருடம் தொல்லியல். நமக்குக் குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, இருக்கிறதே! ஆத்தூர் ரோட்டில் போகும்போது சேகோ மில் வாடையை மூக்கு அறியும். கிழங்கு எப்படி ஜவ்வரிசியாகிறது என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? கழுவித் தோல் சீவி அரைத்து, கிழங்குப் பாலைத் தொட்டியில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை எடுத்துக் குலுக்கிக் குலுக்கி உருண்டையாக்கி, வறுத்துக் காயவைக்கிறார்கள். சுற்றுகிற மோட்டார் எப்படி ஒன்றை முன்னும் பின்னும் குலுக்குகிறது என்ற ஒரு கேள்வியே இரண்டு மாதத்துக்குத் தாங்கும். அட்டையும் ஒரு வளைந்த கம்பியும் இருந்தால் கையால் சுற்றியே செய்து பார்க்கலாம். அந்தக் கட்டத்தில் ஒரு மோட்டார் பெட்டி வாங்கினால் அதற்கு வேலை இருக்கும்.

ஆட்கள் யார்? டீச்சர்கள் தலையில் கட்ட வேண்டாம், அவர்களுக்குப் பதிவேடு எழுதவே நேரம் போதவில்லை. 2021ல் இல்லம் தேடிக் கல்வி வந்தபோது மாதம் 1000 ரூபாய்க்குச் சாயங்காலம் பாடம் சொல்லிக்கொடுத்த தன்னார்வலர் அக்காக்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு ஆளுக்கு மாதம் 3000 கொடுத்தாலும் வருடத்துக்கு 72,000 தான். பொருளுக்குத் தனியாக ஒரு 5000 ஒதுக்கினால் தாராளம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள் துளிர் இல்லம் என்ற சிறுவர் அறிவியல் மன்றங்களை நடத்திப் பழகியவர்கள். சேலத்தில் அவர்களைப் பார்த்துப் பேசினால் பயிற்சிக்கு வழி கிடைக்கலாம்.

முதல் குழுவில் ஆறு பேர் மட்டும், அதில் பாதியாவது பெண் பிள்ளைகள் என்று இப்போதே முடிவு செய்துவிடலாம். அறுபது பேரையும் ஹாலில் உட்காரவைத்துத் திறப்பு விழா நடத்தும் யோசனையைத் தயவுசெய்து கைவிடுங்கள் அண்ணா.

பொங்கலுக்கு யார் ஊரில் இருக்கிறீர்கள்? தலைமையாசிரியர் அம்மாவை நேரில் பார்த்துக் கேட்க ஒருவர் வேண்டும். போனில் பேசினால் சரிப்படாது. மஸ்கட் மாப்பிள்ளை லீவு போட்டிருப்பதாகக் கேள்வி. பதில் போடவும்.